நாற்பது புட்டிகளுக்கும் ஒரே நீதி

செர்பியாவின் கிழக்குக் கோடியில், எங்கள் மலைச்செடியைக் கொதிக்கவைத்துக் குடித்தால் சுரங்கத் தூசி அடைத்த நெஞ்சு சற்றுத் திறக்கும் என்பது ஊருக்கே தெரியும். அரசாங்கத்துக்கு மட்டும் முறைப்படி தெரிவிக்கப்படவில்லை. ஆகவே, ‘பயன் ஐயமற நிரூபிக்கப்படும் வரை மேற்படி செடியை எவரும் பறித்தல் ஆகாது’ என்று ஆணை வந்தது. மலையைச் சுற்றி வேலியும் வந்தது.

அன்றிலிருந்து என் பழைய தோழன் வூகாஷினால் வீட்டுக்குப் போக முடியவில்லை. வீடு நாலாவது மாடி; செடிக் கஷாயம் இல்லாமல் அவன் மூச்சு அத்தனை படி ஏறாது. லிப்ட், நாங்கள் கடைசியாக வேலைநிறுத்தம் செய்த வருடமே தானும் நிறுத்திக்கொண்டது. கீழே சைக்கிள் அறையில் கட்டில் போட்டுக்கொண்டான். மனைவி ரட்மிலா நண்பகல்தோறும் கயிற்றுக் கூடையில் பீன்ஸ் சூப் இறக்கினாள்.

“எண்ணூறு மீட்டர் பூமிக்கடியில இறங்கி ஏறினவன்டா நான். இப்ப பெண்டாட்டியைப் பாக்கக் கழுத்தை ஒடிக்க வேண்டியிருக்கு,” என்பான்.

இரண்டு வருடம் கழித்துப் பரிசோதனை வந்தது. கூடவே டாக்டர் ஸ்லவோல்யுப் வந்தார். ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளர்களான எங்கள் நாற்பது பேரையும் உட்காரவைத்து விளக்கினார்.

“ஆளுக்கு ஒரு புட்டி. இருபதுல செடிச்சாறு. இருபதுல சாயமும் கசப்பும் போட்ட வெறும் தண்ணி.”

“எனக்கு எது?” என்றான் வூகாஷின்.

“உங்களுக்குத் தெரியக்கூடாது.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“எனக்கும் தெரியக்கூடாது.”

“அப்ப யாருக்குத்தான்யா தெரியும்?”

“தலைநகர்ல ஒரு உறைக்குள்ள இருக்கு. கடைசி நாள் வரைக்கும் அதை யாரும் திறக்கக்கூடாது.”

பதினோரு வேலைநிறுத்தம் நடத்திய நான் இதைக் கேட்டுச் சும்மா இருப்பேனா? பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு நாமம்! அன்று மாலையே சங்கக் கட்டடத்தில் கூட்டம் போட்டேன். இலையுதிர் காலத்தில் மிளகாய் விழுது கிளறும் பெரிய கொப்பரையை இறக்கினோம். நாற்பது புட்டிகளையும் அதில் கவிழ்த்தோம், கலக்கினோம், கரண்டியால் அளந்து திரும்ப ஊற்றினோம்.

“ஏம்ப்பா, எல்லாத்தையும் கலந்தா எல்லாருக்கும் அரை மருந்துதானே?” என்றாள் ரட்மிலா.

“அரையா இருந்தாலும் சமமா இருக்கே!” என்றேன். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

மாதாமாதம் புதுப் புட்டிகள் வந்தன. மாதாமாதம் கொப்பரை இறங்கியது. ‘எவருடனும் பகிரவில்லை’ என்ற படிவத்தில் நாற்பது பேரும் கையெழுத்திட்டோம். மூன்று மாதத்தில் வூகாஷின் மூன்றாவது மாடி வரை ஏறினான். ரட்மிலா ஒரு மாடி இறங்கி வந்தாள். இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்.

“இன்னும் ஒரு மாடிதான்டா,” என்றான் என்னிடம்.

மருத்துவமனை நடைகூடத்தில் எங்களை ஆறு நிமிடம் நடக்கவிட்டு அளந்தார்கள். உறை திறக்கப்பட்டது.

“சாறு குடிச்சவங்க முன்னைவிட நாப்பது மீட்டர் கூடுதலா நடந்திருக்காங்க. தண்ணி குடிச்சவங்களும் சரியா நாப்பது. ஆக, செடியால எந்தப் பயனும் இல்லை,” என்றார் டாக்டர்.

“நாங்க நடந்தோமேய்யா!” என்றேன்.

“அது தண்ணியோட பயன். அரசாங்கம் அதை அங்கீகரிச்சாச்சு. இனி எல்லாருக்கும் இலவசம்.”

செடி பயனற்றது என்று ஐயமற நிரூபணமானதால் மலை கல்குவாரிக்குக் கொடுக்கப்பட்டது.

அப்போதுதான் நான் கொப்பரை விஷயத்தை ஒப்புக்கொண்டேன். டாக்டர் பரிசோதனைத் தாள்களை மறுபடி எடுத்து விரித்தார்.

“குவாரியை நிறுத்த முடியும். ஆனா பரிசோதனையை முதல்லேருந்து நடத்தணும். இருபது பேருக்கு மருந்து, இருபது பேருக்குத் தண்ணி. கலக்கக்கூடாது. சம்மதமா?”

வாக்கெடுப்பு நடந்தது. தண்ணீர்ப் புட்டி தன் தலையில்தான் விழும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. எதிர்த்து முப்பத்தொன்பது கைகள் உயர்ந்தன. முதலில் உயர்ந்தது என் கை. வூகாஷின் மட்டும் கையைத் தூக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது நாற்பது பேருக்கும் ஒரே தண்ணீர், ஒரே அளவு. யாருக்கும் ஒரு சொட்டுக் குறைவில்லை. வூகாஷின் சைக்கிள் அறைக்குத் திரும்பிவிட்டான். நண்பகலில் கூடை இறங்குகிறது. குவாரித் தூசி விழாமலிருக்க, சூப்பின் மேல் ரட்மிலா ஒரு துணி போட்டு மூடி அனுப்புகிறாள்.