கேட்டுச் சொல்றேன்

என்னைக் கல்யாணம் செய்துகொள்கிறாயா என்று என் மனைவியிடம் கேட்டே தீருவது என்று முடிவெடுத்தேன்.

பதற வேண்டாம். எங்களுக்குக் கல்யாணமாகி வெகுகாலம் ஆகிறது. பிரச்சினையே அதுதான். கல்யாணம் நடந்தது, ஆனால் நான் கேட்கவில்லை. கேட்டது அவள். பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு, பஸ் எப்போது வரும் என்று விசாரிக்கிற அதே குரலில் கேட்டாள்.

"என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?"

ஒரு மனிதன் வாழ்க்கையில் ஒரே தடவை சந்திக்கிற கேள்வி. அதற்கு நான் சொன்ன பதில்: "அக்காகிட்ட கேட்டுச் சொல்றேன்."

அன்றோடு என் பெயர் போய்விட்டது. இரண்டு அர்த்தத்திலும்தான். மச்சினன் எனக்குக் 'கேட்டுச்சொல்லி' என்று பட்டம் கட்டினான். நாலு பேர் கூடிவிட்டால் போதும், "அத்தான், அந்த பஸ் ஸ்டாப் கதையைச் சொல்லுங்க" என்பான். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே சொல்லி முடித்துவிடுவான். போன மாதம் அவன் வீட்டு விருந்தில், முன்பின் தெரியாத ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "அடடே, நீங்கதானா அது!" என்றார். நிஜமாகவே வலித்தது. குலுக்கியதில் அல்ல.

அன்று வீடு திரும்பும் வழியில் சபதம் எடுத்தேன். வருகிற கல்யாண நாளன்று, அதே பஸ் ஸ்டாப்பில், அவளுக்கென்றே செய்த மோதிரத்தோடு நான் கேட்பேன். வாழ்க்கையில் ஒரு தடவையாவது நான் முந்திக்கொள்வேன்.

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. ஊரில் பாதிப் பேருக்குக் கண் தெரிவது என் புண்ணியத்தில்தான். மனைவிக்குத் தையல் தொழில், வீட்டு முன்னறையில் மிஷின். "ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடறீங்க, உங்க கண்ணு முன்னாடி இருக்கறது மட்டும் உங்களுக்குத் தெரியாது" என்பாள். எனக்குத் தெரியும் என்று காட்டவும் இது ஒரு வாய்ப்பு.

முதலில் விரல் அளவு வேண்டும். அவளோ மோதிரமே போடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவள் கண்ணயர்ந்ததும், தையல் பெட்டியிலிருந்து கைக்குக் கிடைத்த நூலை எடுத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு விரலில் சுற்றினேன். இறுக்கமாக ஒரு சுற்று.

"யாரு?" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

"கொசு" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் புத்திசாலித்தனம் எனக்கே புரிந்தது. நல்லவேளை, அவள் புரண்டு படுத்துவிட்டாள். நூலை நறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கொசுவாகவே வெளியேறினேன்.

எங்கள் பக்கத்தில் கேட்டபடி நகை செய்து தருகிறவர் ஒரே ஒரு அம்மாதான். மார்க்கெட்டுக்குப் பின்னால் சின்னப் பட்டறை. என் மனைவியிடம்தான் துணி தைக்கக் கொடுப்பார். அதனால் முதல் காரியமாகச் சத்தியம் வாங்கினேன்.

"அம்மா, இது ரகசியம். அவகிட்ட மூச்சு விடக் கூடாது."

"சார், எங்க தொழில்ல கையும் கண்ணும்தான் வேலை செய்யும். வாய்க்கு எப்பவும் லீவு. அளவைக் குடுங்க."

நூலைக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். நீண்டது. விட்டார். சுருங்கியது. மறுபடி இழுத்தார். என்னைப் பார்த்தார்.

"சார், இது எலாஸ்டிக் நூல்."

"அப்படின்னா?"

"விட்டா குழந்தை விரல், இழுத்தா யானை கால். உங்க வீட்டம்மா இதுல எங்க இருக்காங்க?"

"நடுவுல எங்கயோ."

"எவ்வளவு இழுத்துச் சுத்தினீங்க?"

"ஒரு கொசு எவ்வளவு இழுக்குமோ அவ்வளவு."

அந்த அம்மா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். "சரி, அளவு அப்புறம். டிசைன் என்ன?"

இதில் மட்டும் நான் சோடை போகவில்லை. "ஒரு ஊசி வளைஞ்சு மோதிரமா ஆகணும். ஊசிக் காதுல பொன் நூல் ஒண்ணு கோத்திருக்கணும். நூல் முடிச்சு இருக்கற இடத்துல கல்." ஊசிக்குக்கூடக் காது இருக்கிறது, உங்களுக்குத்தான் இல்லை என்பது என் மனைவியின் நிரந்தரப் புகார். அதை மோதிரத்திலேயே ஒப்புக்கொண்டு விடலாம் என்று நினைத்தேன்.

"நல்லா இருக்கே!" என்றார் அந்த அம்மா. எனக்கு உச்சி குளிர்ந்தது. "கல்லைப் பதிச்சு வைக்கட்டுமா, தூக்கி வைக்கட்டுமா?"

"தூக்கி வைங்க. எதிர் பிளாட்பாரத்துல இருந்து பார்த்தாலும் தெரியணும்."

"என்ன கலர் கல்லு?"

"கேட்டுச் சொல்றேன்."

"யாரைக் கேட்டு?"

நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

வீட்டில் அன்று மாலை துப்பறியத் தொடங்கினேன்.

"உனக்கு என்ன கலர் பிடிக்கும்?"

"எதுக்கு?"

"சும்மா."

"சும்மா கேக்கற ஆளா நீங்க? கடையில எந்தக் கலர் ஃப்ரேம் தேங்கிப் போச்சு?"

"அதெல்லாம் இல்ல. உன் கையைக் காட்டு. எவ்வளவு அழகான விரல்!"

அவள் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "சூடு இல்லையே. அது இருக்கட்டும், என் எலாஸ்டிக் நூலை யாரு வெட்டினது?"

"நீயேதான் வெட்டியிருப்ப."

"நான் வெட்டினா நேரா இருக்கும். இது கோணல். இந்த வீட்டுல கோணலா வெட்டறது யாரு?"

"கண்ணாடியைக் கழுத்துல மாட்டறதுக்குக் கயிறு வேணும்னு எடுத்தேன்."

"எறும்புக்கா கண்ணாடி?"

மேலே பேசினால் ஆபத்து என்று மிஷின் பக்கம் நழுவினேன். அங்கேதான் கண்டுபிடித்தேன். நூல்கண்டுகளில் நீலம் மட்டும் தீர்ந்துபோய் இருந்தது. சிவப்பு கொழுத்துக் கிடந்தது, பச்சை தொடப்படவே இல்லை. ஆக, அவளுக்குப் பிடித்தது நீலம்! யாரையும் கேட்காமல் நானே பார்த்து நானே கண்டுபிடித்தேன். மறுநாள் பட்டறைக்குப் போய் நெஞ்சை நிமிர்த்தி, "நீலக் கல்லு" என்றேன்.

"சரி சார். விரல் அளவும் கிடைச்சிடுச்சு."

"எப்படிம்மா?"

"தொழில் ரகசியம்."

என்ன திறமை! கண்ணால் பார்க்காமலேயே விரல் அளவைக் கணித்துவிட்டாரே என்று வியந்தபடி நடந்தேன். வழியில் பார்த்தவர்களையெல்லாம் பார்த்துச் சிரித்தேன்.

மோதிரம் தயாரானது. அழகென்றால் அப்படி ஓர் அழகு. கல் மட்டும் நான் சொன்னபடி தூக்கலாக இல்லை, தங்கத்துக்குள் இறங்கி உட்கார்ந்திருந்தது. கேட்டதற்கு, "இதான் சரியா வரும் சார்" என்று முடித்துக்கொண்டார். அதை ஒரு மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தேன். என் பையில் இன்னொரு கண்ணாடிப் பெட்டி கிடந்தால் யார் சந்தேகப்படுவார்கள்?

கல்யாண நாள். மாலை. "காலாற நடந்துட்டு வரலாம்" என்று அவளை பஸ் ஸ்டாப்புக்குக் கூட்டிப் போனேன். அதே பெஞ்சு. ஒரு கால் மட்டும் புதிது. எதிரே கடைகளில் விளக்குப் போட ஆரம்பித்திருந்தார்கள். அவள் காற்றில் பறந்த முடியைக் காதோரம் ஒதுக்கினாள். அன்றைக்கும் இப்படித்தான் ஒதுக்கினாள். இவளிடம் நான் எப்போதோ கேட்டிருக்க வேண்டும்.

மண்டியிட்டேன். முழங்கால் 'மடக்' என்றது. பெட்டியைப் பிடித்த கையை நீட்டினேன்.

பஸ் நின்றது.

"ஏறுறீங்களா சார்?" என்றார் டிரைவர், ஜன்னல் வழியாக.

"கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

பழக்கதோஷம். பஸ் புகையைக் கக்கிவிட்டுப் போனது. மனைவி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். இனி தாமதிக்கக் கூடாது. பெட்டியைத் திறந்தேன். உள்ளே, முன்பு ஒருநாள் அவளுக்காக நான் கொண்டு வந்து, 'வயசாயிடுச்சுன்னு சொல்றீங்களா' என்று அவள் போட மறுத்த படிக்கிற கண்ணாடி இருந்தது.

அவள் அதை எடுத்து மாட்டிக்கொண்டாள். பிறகு இவ்வளவு நேரமும் கைப்பைக்குப் பின்னால் வைத்திருந்த கையை நீட்டிப் பார்த்தாள். "இப்பதான் கல்லு நல்லாத் தெரியுது."

மோதிரம் அவள் விரலில் இருந்தது. அளவெடுத்துச் செய்ததுபோல.

"அந்தம்மா சொல்லிட்டாங்களா?"

"அவங்க வாயே திறக்கல. நானும் எதுவும் கேக்கல. போயி விரலை நீட்டினேன், அளந்தாங்க. தூங்கறப்ப விரல்ல எலாஸ்டிக் சுத்துது, யாருன்னா கொசுங்கறீங்க. இதுக்கு மேல என்ன சொல்லணும்? பெட்டியில மோதிரத்தை எடுத்துட்டுக் கண்ணாடியை வச்சதும் நான்தான், கல்லைக் கீழ இறக்கச் சொன்னதும் நான்தான். தூக்கலா இருந்தா துணியில மாட்டும். எதுக்கு நான் மோதிரமே போடறதில்லன்னு நினைச்சீங்க?"

அதை நான் நினைத்ததே இல்லை. மிச்சமிருந்த ஒரே பெருமையைக் கையில் எடுத்தேன். "நீலம் உனக்குப் பிடிக்கும்னு நானேதான் கண்டுபிடிச்சேன். உன் நீல நூல்தான் சீக்கிரம் தீருது."

"அது பள்ளிக்கூடச் சீருடைங்க. எல்லாம் நீலம். தச்சுத் தச்சு எனக்கு அந்தக் கலரைக் கண்டாலே ஆகாது."

நான் மண்டியிலிருந்து இன்னும் கொஞ்சம் இறங்கினேன்.

"என் நூலையெல்லாம் உக்காந்து பார்த்தீங்களா?" என்றாள். குரல் மாறியிருந்தது. மோதிரத்தை மெல்லத் திருப்பினாள். "போகட்டும். இனிமே பிடிக்கும்."

அந்த ஒரு வார்த்தைக்காக இன்னொரு முழங்காலையும் உடைத்துக்கொள்ளலாம். சரி, மோதிரம் போனால் போகிறது, கேள்வி இன்னும் என்னிடம்தானே இருக்கிறது! மூச்சை இழுத்தேன்.

"என்னை..." என்று ஆரம்பித்தேன்.

"என்னைத் திரும்பவும் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?" என்று முடித்தாள் அவள்.

கைப்பையிலிருந்து இன்னொரு கண்ணாடிப் பெட்டி வெளியே வந்தது. என் கடைப் பெட்டிதான். உள்ளே ஒரு மோதிரம், குட்டியாக ஒரு மூக்குக்கண்ணாடி வளைந்து தன் காதுகளைத் தானே பிடித்துக்கொண்டதுபோல. என் விரலில் போட்டாள். கச்சிதம்.

"என் அளவு?"

"போன ஞாயித்துக்கிழமை நீங்க தூங்கறப்ப ஒரு கொசு வந்துச்சு. அது பேசல."

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் 'சரி' என்று சொல்லத்தான் திறந்தேன். அவள் கையமர்த்தினாள்.

"சிரமப்படாதீங்க. உங்க அக்காகிட்ட நானே கேட்டுட்டேன். சரின்னுட்டாங்க."