ஏழு நிமிஷ அநியாயம்

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மருமகன் எழுதுவது. அத்தையின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே பிள்ளைகள் நலம், உங்கள் மகள் மிக நலம். என் நலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீங்கள் தலையிட்டே ஆக வேண்டும்.

நாங்கள் இருவரும் ஒரே அலுவலகத்தில் எதிரெதிர் அறையில் வேலை செய்வது உங்களுக்குத் தெரியும். மருத்துவமனைகளுக்கான மென்பொருள். நோயாளி நேரம் பதிவு செய்யும் பகுதி என் குழுவுடையது. 'நாளைக்கு வாருங்கள்' என்று அவருக்கு நினைவூட்டும் பகுதி உங்கள் மகளுடையது. அவரவர் எழுதும் நிரலை, அதாவது 'கோட்'டை, சேர்த்து வைத்திருக்கும் இடத்துக்கு ரெப்போ என்று பெயர். இத்தனை வருஷமாக இரண்டு ரெப்போ, இரண்டு குடித்தனம், சண்டை சச்சரவு கிடையாது. திடீரென்று இரண்டையும் ஒன்றாக்க வேண்டும் என்று உங்கள் மகள் கிளப்பிவிட, மேலாளரும் தலையாட்டிவிட்டார். சரி, எனக்கென்ன என்று இருந்தேன். பார்த்தால், இரண்டு பக்கத்திலும் 'பொது' என்று ஒரு ஃபோல்டர் இருந்ததாம், ஒரே பெயரில் இரண்டு இருக்க முடியாதாம், அதனால் அவளுடையது 'பொது'வாகவே இருக்க, என்னுடையதற்கு 'பழையது' என்று பெயர் வைத்துவிட்டாள். என் ஏழு வருஷ உழைப்பு மாமா, பழையது. கேட்டால், வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே, "உங்க 'கோட்'ல வாரம் ஞாயித்துக்கிழமை ஆரம்பிக்குது, என்னோடதுல திங்கக்கிழமை. ரெண்டுல ஒண்ணுதானே இருக்க முடியும்?" என்கிறாள். "ஏன், உன்னோடது மாறக்கூடாதா?" என்றேன். "நீங்க ஞாயித்துக்கிழமை வேலை செஞ்சு நான் பாத்ததே இல்லையே" என்று சொல்லிவிட்டு, ஈரக் கையோடு போய்விட்டாள்.

இதையும் பொறுத்துக்கொண்டேன். அடுத்து டெஸ்டில் கை வைத்தாள். நிரலில் ஒரு வரி மாற்றினாலும், எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று கம்ப்யூட்டரே சோதித்துப் பார்க்கும், அதுதான் டெஸ்ட். என்னுடையது ஓடி முடிய ஒன்றேகால் மணி நேரம் ஆகும். நிதானமான டெஸ்ட். ஒவ்வொன்றுக்கும் நடுவில் 'பத்து விநாடி பொறு' என்று நானே எழுதி வைத்திருந்தேன், எதற்கும் இருக்கட்டும் என்று. உங்கள் மகள் அத்தனை 'பொறு'வையும் களை பிடுங்குவது மாதிரி பிடுங்கி எறிந்து, மிச்சத்தைப் பங்கு பிரித்து ஒரே நேரத்தில் ஓடவிட்டு, இப்போது ஏழே நிமிஷத்தில் முடித்துக் காட்டுகிறாள். அலுவலகமே கை தட்டுகிறது. என் குழுவினர்கூடத் தட்டினார்கள், வெட்கங்கெட்டவர்கள்.

மாமா, அந்த ஒன்றேகால் மணி நேரம் யாருடையது என்று யாராவது கேட்டார்களா? டெஸ்டை ஓடவிட்டுவிட்டு நானும் அவளும் கேண்டீனில் ஜன்னல் ஓர மேசையில் போய் உட்காருவோம். வீட்டில் எங்களுக்குப் பேச நேரம் ஏது? பெரியவளுக்கு வீட்டுப்பாடம், சின்னவனுக்குச் சோறு ஊட்ட ஒரு யுத்தம், அப்புறம் துணி மடித்துக்கொண்டே தூங்கிவிடுகிறாள். நாங்கள் புருஷன் பெண்டாட்டியாக இருந்தது அந்த மேசையில்தான். அதைப் போய் வீண் நேரம் என்று, வரைபடம் போட்டு, எல்லார் முன்னாலும் காட்டி வெட்டிவிட்டாள். ஏழு நிமிஷத்தில் கேண்டீன் வரிசையில் நிற்கக்கூட முடியாது. போவதையே விட்டுவிட்டேன்.

ஆனால் குடுமி என் கையில். இப்போது நடப்பது வெள்ளோட்டம்தான். இரண்டு ரெப்போவும் நிரந்தரமாக ஒன்றாக வேண்டுமானால், நாங்கள் இருவரும் 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அவள் அழுத்திவிட்டாள். வெள்ளிக்கிழமை கெடு. அவள் தலைகீழாக நின்றாலும் நான் அழுத்தப் போவதில்லை. நீங்கள் உடனே போன் பண்ணி, "பழையபடி பிரிச்சு வைம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்கள் பேச்சை மட்டும்தான் கேட்பாள். இல்லையென்றால் நான் வேறு வேலை தேடிக்கொள்கிறேன்.

அத்தைக்கு என் வணக்கம். பிள்ளைகளை மனதார ஆசீர்வதியுங்கள், கூடவே என்னையும்.

இப்படிக்கு,
'பழையது' ஃபோல்டரில் வசிக்கும்
உங்கள் மருமகன்

பின்குறிப்பு: எழுதி முடிக்கும்போது உங்கள் மகள் அலுவலகத்தில் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். முழுவதையும் படித்துவிட்டாள். திட்டப் போகிறாள் என்று பார்த்தேன். "ஏங்க, டெஸ்ட் ஓடினாத்தான் என்கூட உக்காந்து டீ குடிப்பீங்களா?" என்று கேட்டாள். இத்தனை நாளும் அவள் மட்டும் தினம் அந்த மேசைக்குப் போய் உட்கார்ந்து, என்னைக் காணாமல் திரும்பி வந்திருக்கிறாளாம். பொத்தானை அழுத்திவிட்டேன், மாமா. நீங்கள் போன் பண்ண வேண்டாம். பண்ணித்தான் ஆக வேண்டுமென்றால் சாயங்காலமாகப் பண்ணுங்கள். இப்போது நாங்கள் கீழே கேண்டீனுக்குப் போகிறோம்.