நான் திருடிய ஆட்டுக்குட்டி

தன்னைப் பற்றித் தானே ஊரெல்லாம் கெட்ட பெயர் பரப்பிக்கொண்ட மனிதர் பாலாற்றின் இரு கரையிலும் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் நெசம் பாய். அவருடைய சொந்தப் பெயர் எனக்கே மறந்துவிட்டது. "நெசம் சொல்றேன்" என்று தொடங்காமல் அவர் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

ஆம்பூரில் நான் குமாஸ்தாவாக இருந்த தோல் பதனிடும் ஷாப்பில் அவர் தரம் பிரிப்பவர். குமாஸ்தாவை அங்கே ரைட்டர் என்பார்கள். பதனிட்டு உலர்ந்த ஆட்டுத்தோலை ஒவ்வொன்றாகப் பலகைமேல் விரித்து, தடவிப் பார்த்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, அதன் குற்றத்தை பாய் உரக்கக் கூவுவார். "கத்தி வெட்டு! ரெண்டாம் நம்பர்!" "உண்ணிக் கடி! மூணாம் நம்பர்!" அவர் கூவுவதை நான் எழுத வேண்டும். அவர் கூவாமல் நான் பேனாவைத் தொடக்கூடாது. அது ஷாப்பின் சட்டம்.

இதெல்லாம் எல்லா ஷாப்பிலும் உள்ளதுதான். ஆனால் எங்கள் பாய் ஒரு கட்டு முடிந்ததும், தன் குற்றம் ஒன்றையும் அதே குரலில் கூவுவார்.

"நெசம் சொல்றேன், என் தாடியோட செவப்பு மருதாணி இல்லே! தோல் ஊற வெக்கிற தொட்டியிலிருந்து எடுத்த ஆவாரம்பட்டைத் தண்ணி!"

"நெசம் சொல்றேன், நேத்து என் பீபி என்னைக் கரண்டியால அடிச்சா! தப்பு என்மேலதான்!"

ஏன் பாய் இப்படி மானத்தை வாங்கிக்கொள்கிறீர்கள் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். "வாயில்லாத ஜீவன். செத்தப்புறம் அதுக்கு இன்னா குத்தம்னு நாள் பூரா கத்துறோம். நம்ம குத்தத்தை மட்டும் மூடி வெச்சா நாயமா?"

ஒருமுறை மதராஸிலிருந்து சரக்கு வாங்கும் துரை வந்தார். அரைமணி நேரம் தோலைப் பற்றிப் பொழிந்து தள்ளினார். பாய் பணிவாக "எஸ், எஸ்" என்று தலையாட்டினார். முடிந்ததும் என் பக்கம் திரும்பினார். "ரைட்டரே, தொரைகிட்ட சொல்லு. நெசம் சொல்றேன், பத்து வருசமா அவரு பேசுனதுல ஒரு வார்த்தைகூட எனக்குப் புரிஞ்சதில்லே." முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை. துரையைக் கண்டு பாய் மிகவும் மகிழ்வதாக நான் மொழிபெயர்த்தேன். பாய் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "நான் சொன்னது ஜாஸ்தியாச்சே, நீ சொன்னது கம்மியா இருக்குதே?"

மகனுக்குப் பெண் கொடுக்க வந்தவர்களிடமும் இதே கதைதான். "பையன் நல்லவன். ஆனா நெசம் சொல்றேன், அவன் கொறட்டை விட்டா பக்கத்து வீட்ல எழுந்து ஒக்காந்துக்குவாங்க." பெண் வீட்டார் எழுந்து போய்விட்டார்கள். மறுநாளே திரும்பி வந்து சம்பந்தத்தை முடித்தார்கள். மற்ற மாப்பிள்ளை வீடுகளில் என்னென்ன மறைத்தார்களோ என்று பயம் வந்துவிட்டதாம்.

இவ்வளவு கூவியவர் ஒன்றை மட்டும் கூவியதில்லை. மழையில் தோல் உலராமல் வேலை நின்றுபோன ஒரு பிற்பகல், அதை என்னிடம் மட்டும் சொன்னார். வாலிபத்தில் ராணிப்பேட்டையில் இதே வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்தாராம். அவர் மடியில் போட்டு வளர்த்த ஆட்டுக்குட்டியை அப்பா விற்றுவிட்டார். சில மாதம் கழித்து, கழுத்தில் கயிறு அறுத்த பிறைத் தழும்போடு அதன் தோல் அவருடைய பலகைக்கே வந்தது. மூன்றாம் நம்பர் தோல். "சுத்தம்! ஒண்ணாம் நம்பர்!" என்று கூவிவிட்டாராம்.

"அதுக்கப்புறம் கறிய வாயில வெக்கலே, ரைட்டரே. அந்தப் பொய்யை மட்டும் கூவ வாய் வர்லே. நீ நம்ம தோஸ்த்து. உங்கிட்ட சொல்லிட்டேன்."

அப்போதுதான் நான் ஒரு வாரப் பத்திரிகையில் எழுத ஆரம்பித்திருந்தேன். எழுத்தாளர்கள் தங்களைப் பற்றி வாசகர் அறியாத ஒன்றை எழுதி அனுப்ப வேண்டும் என்று ஆசிரியரிடமிருந்து கடிதம் வந்தது. மூன்று நாள் யோசித்தேன். என்னைப் பற்றி வாசகர் அறியாதது ஏராளம், அறிந்து ஆகப்போவதுதான் ஒன்றுமில்லை. நான்காம் நாள் பாயின் குட்டியைப் பிடித்து என் வீட்டில் கட்டினேன். ராணிப்பேட்டை ஆம்பூராயிற்று. தோலைக் கண்டு நான் கண்கலங்கி 'ஒன்றாம் நம்பர்' என்று எழுதியதாகக் கட்டுரையை முடித்தேன். படித்து அழுததாக இரண்டு பெண்மணிகள் கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதங்களை வெட்கமில்லாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

பத்திரிகை ஷாப்புக்கும் வந்து சேர்ந்தது. மதிய இடைவேளையில் மேஸ்திரி என் கட்டுரையை உரக்கப் படித்தார். பாய் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கடைசி வரியில் மேஸ்திரி நிறுத்தினார்.

"இன்னா ரைட்டரே, பாய் கூவாம நீ எப்படி ஒண்ணாம் நம்பர்னு எழுதுனே?"

மாட்டிக்கொண்டேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், பிறகு பாயைப் பார்த்தார்கள். முதலாளியும் வாசலில் வந்து நின்றிருந்தார். பாய் எழுந்தார்.

"நெசம் சொல்றேன். ரைட்டர் கண்ணு கலங்கிப் போச்சு. நான்தான் தெரிஞ்சே ஒண்ணாம் நம்பர்னு கூவிட்டேன்."

"தெரிஞ்சே மாத்திக் கூவுன ஆளு இனிமே பலகைல ஒக்காரக் கூடாது, பாய்" என்றார் முதலாளி. அதற்குமேல் விசாரணை இல்லை. மறுநாளிலிருந்து பாய் ஆவாரம்பட்டை இடிக்கும் கொட்டகைக்குப் போனார். அங்கே அவர் எதையும் கூவியதாக யாரும் சொல்லவில்லை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் பாதி, அந்த இரண்டு கடிதங்களின்மேல் இருந்த ஆசை மீதி.

ஒரு வாரம் கழித்துக் கொட்டகைக்குப் போய்த் தலைகுனிந்து நின்றேன். "ஏன் பாய் அப்படிச் சொன்னீங்க?"

உலக்கையைக் கீழே வைத்தார். "எல்லாரும் பாக்குறப்போ உன் குத்தத்தைக் கூவ மனசு வர்லே. பேஜாராவாதே. எழுத்து நல்லாத்தான் இருந்துச்சு. குட்டி பேரைத்தான் விட்டுட்டே. அது பேரு முன்னி."

நான் மதராஸுக்கு வந்து நான்கு வருஷம் ஆகிறது. பாய் இன்னும் பட்டைதான் இடிக்கிறார். என்னைப் பற்றி வாசகர் அறியாதது இதுதான்: குட்டி அவருடையது, பெயர் முன்னி, பொய் என்னுடையது. நினைத்தால் இன்றும் கூசுகிறது. இது அச்சாகும் இதழின் பிரதி ஒன்றை முதலாளிக்கு அனுப்புகிறேன். இன்னொன்றை எடுத்துக்கொண்டு ஆம்பூருக்குப் போய், கொட்டகையில் எல்லார் எதிரிலும் பாய்க்கு நானே படித்துக் காட்டப்போகிறேன். கேட்டுவிட்டு அவர் திட்டினால் தாங்கிக்கொள்வேன். திட்டமாட்டார். "சாப்ட்டியா, ரைட்டரே?" என்று கேட்பார். அதை எப்படித் தாங்குவது என்றுதான் தெரியவில்லை.