கோணியூசி அண்ணாச்சியின் முடிச்சு

சாக்குத் தைக்கிற ஊசியால் காதலை அடக்கப் பார்த்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். தூத்துக்குடியில் எங்கள் தெருவில் வாடகை நூலகம் வைத்திருந்த கோணியூசி அண்ணாச்சி.

பல வருஷம் உப்பு மூட்டை தைத்தவர், எழுபதுகளின் தொடக்கத்தில் நூலகம் போட்டார். ஊசியை மட்டும் விடவில்லை. பிள்ளைகள் படிக்கக் கூடாது என்று பெற்றோர் சொல்லும் பக்கங்களின் ஓரத்தைச் சேர்த்துச் சணலால் தைத்துத் தருவார். பெரியவர்கள் வந்தால் பிரித்துக் கொடுப்பார். கத்திக்குத்து, விஷம், தலை தனி முண்டம் தனி, எதற்கும் தடையில்லை. கதாநாயகன் கதாநாயகியின் கையைப் பிடித்தால் போதும், ஊசி இறங்கிவிடும்.

துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த என் அப்பாவுக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப்போனது.

"ஏளா, தையல் பிரிஞ்சிருந்துச்சுன்னா, அன்னைக்கோட உனக்கு லைப்ரரி கெடையாது, பாத்துக்கோ."

அப்பா சொன்னால் சொன்னதுதான். பத்தாம் வகுப்பு படித்த எனக்கோ, பள்ளிக்கூடம் விட்டால் வீடு, வீட்டில் புத்தகம். அதுவும் போனால் நான் எங்கே போவேன்?

ஆனாலும் ஒரு சனிக்கிழமை பொறுக்க முடியாமல் பிரித்துவிட்டேன். எட்டுப் பக்கம். படித்து முடித்த பிறகுதான் அப்பா சொன்னது நினைவுக்கு வந்தது. சணலைப் பழைய துளைகளிலேயே கோத்துவிட்டேன். அண்ணாச்சி மூட்டைக்குப் போடுகிற முடிச்சுதான் வரவில்லை. பத்துத் தரம் முயன்றும் சடைக்கு ரிப்பன் கட்டுகிற முடிச்சே விழுந்தது.

அப்பா புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன முடிச்சு? வா, அண்ணாச்சிட்டயே கேப்போம்."

கடைக்குப் போனதும் புத்தகத்தை அண்ணாச்சி முன்னால் நீட்டினார்.

"அண்ணாச்சி, இது உம்ம முடிச்சுதானா?"

அண்ணாச்சி கண்ணாடியை மாட்டினார். முடிச்சைத் தடவினார். என் சடையைப் பார்த்தார். அதில் தொங்கிய ரிப்பனையும் பார்த்தார். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

"எம் முடிச்சுதான் சார். வயசாவுதுல்லா, கை முன்ன மாதிரி நிக்க மாட்டேங்கு."

அப்பா நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "கொஞ்சம் இறுக்கிப் போடும்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் வாங்கிய நாவலிலும் தையல் இருந்தது. ஆனால் முடிச்சு, ரிப்பன் முடிச்சு. அதன்பிறகு எனக்குத் தந்த எல்லாப் புத்தகத்திலும் அதுதான்.

மூட்டை தைத்துக் காய்த்துப்போன விரல்களால், எனக்காக உட்கார்ந்து பழகியிருக்கிறார் மனுஷன்.