கல்யாண மண்டபத்தை நடுங்க வைத்த வாட் அண்ணன்

ஜொகூர் மாநிலத்திலேயே மனிதர்களை வெறும் அடுப்பாகப் பார்த்த ஒரே ஆள் எங்கள் வாட் அண்ணன்தான். பெர்மாஸ் ஜெயாவில் ஒரு கடைவீட்டு மாடியில் நடந்த ஏர்கான் வடிவமைப்புப் பயிற்சியில் எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரர். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதனே ஏறக்குறைய நூறு வாட் வெப்பம் விடுகிறான், அறையைக் குளிர்விக்கும்போது அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று முதல் வகுப்பில் சொன்னார்கள். நாங்கள் எழுதிக்கொண்டோம். அண்ணனுக்கோ ஞானோதயமே ஆகிவிட்டது.

அதன்பிறகு லிஃப்டில் ஏறினால் "பத்து பேரு, ஆயிரம் வாட்" என்று முனகுவார். காரில் போனால் பருமனானவர்களை ஜன்னலோரம் உட்கார வைப்பார். ஒரு சாவு வீட்டில் துக்கம் விசாரிக்கப் போனவர், கூடத்தை நோட்டம் விட்டுவிட்டு, "அழறவங்களுக்கு வாட் ஜாஸ்தி லா, இந்த ஃபேன் பத்தாது. பெரியவரக் கழிச்சிட்டுத்தான் சொல்றேன்" என்றார். அடி விழுவதற்குள் இழுத்துக்கொண்டு வந்தேன்.

பாவம், பரீட்சைதான் காலை வாரியது. இரண்டு முறை கோட்டை விட்டார். எந்தக் கட்டடத்துக்குக் கணக்குப் போட்டாலும் உள்ளே இருப்பவர்கள் ஆடிக்கொண்டே இருப்பதாக எழுதுவார். "மிஸ்டர் லிம், எங்க ஆளுங்க எப்பங்க சும்மா உக்காந்திருக்காங்க?" என்று பயிற்சியாளரிடமே மல்லுக்கு நிற்பார். இந்த முறையும் தேறாவிட்டால் டிசைன் வேலை கிடையாது, மறுபடி ஏணி தூக்கி ஏர்கான் கழுவப் போக வேண்டியதுதான் என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில் சிகாமட்டில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு ஏர்கான் போடும் வேலை அவர் கம்பெனிக்கு வந்தது. அதற்கு அண்ணன் போட்ட கணக்கையே கடைசிப் பரீட்சையாக வைத்துக்கொள்ள மிஸ்டர் லிம் ஒப்புக்கொண்டார். அந்தக் குளிரில் நடக்கப்போகும் முதல் கல்யாணம் யாருடையது என்கிறீர்கள்? அடியேனுடையது, மணப்பெண்ணே நான்தான். மிஸ்டர் லிம் மொய்க்கவரும் தெர்மாமீட்டருமாக வந்து சேர்ந்தார்.

முகூர்த்தம் ஒன்பது மணி. அழைத்தது ஐந்நூறு பேர். ஒன்பது மணிக்கு ஐந்நூறு பேரும் உள்ளே இருப்பார்கள் என்று நம்பி, அண்ணன் காலையிலேயே ஏர்கானை முழு வேகத்தில் முடுக்கிவிட்டார். தமிழராய்ப் பிறந்து, தமிழர் கல்யாணங்களில் சாப்பிட்டு வளர்ந்த மனிதர் செய்கிற தப்பா இது? முகூர்த்தம் நெருங்கியபோது மண்டபத்தில் நாற்பது பேர்தான் இருந்தார்கள்.

என் பற்கள் தந்தியடித்தன. அத்தைமார்கள் சீர்த்தட்டு வேட்டிகளை உருவிப் போர்த்திக்கொண்டார்கள். ஹோமகுண்டத்தைச் சுற்றி இடம் பிடிக்கத் தள்ளுமுள்ளு. மாப்பிள்ளை விரல்களை நீட்டிக் காட்டி, "இந்தக் கையால முடிச்சு போட முடியாதுங்க" என்றார்.

"ஆஃப் பண்ணுங்கண்ணே!" என்று அலறினேன்.

"யாரும் கை வைக்கக் கூடாதுன்னு சுவிட்ச் ரூம பூட்டிட்டேன் தங்கச்சி. சாவி மண்டபத்துக்காரர்கிட்ட இருக்கு."

"அவரு எங்க?"

"அவரும் கல்யாணத்துக்குத்தான் வந்துகிட்டு இருக்காராம்."

மிஸ்டர் லிம் பேனாவைத் திறந்தார். அண்ணன் அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே ஓடினார். எதிர்க் காப்பிக்கடையில் ரொட்டி சானாய் தின்றவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள், சீனத்து மீன்கடைக்காரர் என்று கண்ணில் பட்டவர்களையெல்லாம், "வாங்க, சாப்பாடு இருக்கு! மாரி மக்கான்!" என்று கையைப் பிடித்து இழுத்து வந்தார். மேளக்காரரிடம், "அடிங்கண்ணே, ஆடுனா டபுள் வாட்!" என்று கத்தினார். மண்டபமே ஆடியது. குளிர் தாங்காமல் மிஸ்டர் லிம்மும் ஆடினார். ஒருவழியாக மாப்பிள்ளையின் விரல்கள் மடங்கின, தாலி ஏறியது.

பந்தி நேரத்துக்கு எங்கள் சொந்தங்கள் சாவகாசமாக வந்து நிறைந்தார்கள். யாருக்கும் வியர்க்கவில்லை, யாரும் நடுங்கவுமில்லை. மிஸ்டர் லிம் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு, கணக்கு சரி, நேரம்தான் தப்பு என்று மலாயில் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் அண்ணன் முதலாளியிடம் போகவில்லை, நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். "ஒன் கல்யாணத்தக் கெடுக்கப் பாத்தேனே தங்கச்சி" என்று கண் கலங்கினார்.

கெடுக்கவில்லை அண்ணே. கூடப் பிறந்தவர் யாருமில்லாத எனக்காக அன்று தெருவில் இறங்கி ஓடியது நீங்கள் ஒருவர்தான்.