நாலாவதின் இரண்டாவது கலியாணம்

எழுபதுகளில் சிட்னியில் இருந்த தமிழர்களில், ஜப்பான் பாட்டுக்காரப் பையன்களை, பெற்ற தகப்பன் மாதிரிக் கவலைப்பட்டுக் கவனித்தவர் எங்கள் டோக்கியோ அண்ணை ஒருவர்தான். அவர் டோக்கியோவைக் கண்டதில்லை. ஜப்பானிய மொழியும் தெரியாது. துறைமுகத்தில் கம்பளிப் பொதி ஏற்றுகிற வேலை. ஜப்பான் மாலுமி ஒருவன் கொடுத்த இசைத்தட்டின் உறையில், பளபளக்கும் காற்சட்டை போட்ட நாலு பையன்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அண்ணை விழுந்துவிட்டார்.

கொஞ்ச நாளில் அந்தக் குழு கலைந்துபோனது. அண்ணையின் கவலை அப்போதுதான் தொடங்கியது. பையன்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று வருகிற கப்பலில் எல்லாம் கைச்சாடையால் விசாரிப்பார். முதலாமவன் நடிகனானான். இரண்டாமவன் நூடுல்ஸ் கடை போட்டான். மூன்றாமவன் தேர்தலில் தோற்று, குத்துச்சண்டைக்கு வர்ணனை சொன்னான். நாலாமவனுக்கு ஒன்றும் சரிவரவில்லை. மந்திரவித்தை காட்டப் போனான், புறா திரும்பி வரவில்லை.

வென்ட்வேர்த்வில்லில் அண்ணையோடு ஒரே வீட்டில் இருந்த பிரமச்சாரிகள் நாங்களும் நாலு பேர். ஆளுக்கொரு பையனின் இடத்தைத் தந்திருந்தார். கணக்கியல் பரீட்சையில் விடாமல் கோட்டை விட்டுக்கொண்டிருந்த எனக்கு 'நாலாவது' என்று பெயர்.

ஒருநாள் பென்டில் ஹில்லில் இருந்து ஒரு அன்ரி, தன் தங்கையின் மகளுக்காக என்னைப் பார்க்க வந்தா. நான் குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணை வேலை முடிந்து ஓடிவந்தார்.

“நாலாவது, எனக்கும் ஒரு தேத்தண்ணி!” என்று குசினிப் பக்கம் கத்திவிட்டு, அன்ரிக்கு முன்னால் தலையில் கைவைத்தபடி இருந்தார். “அன்ரி, நாலாவதின்ர ரெண்டாவது கலியாணமும் முறிஞ்சு போச்சாம்!”

அன்ரி தேத்தண்ணி குடிக்காமலே போய்விட்டா. அது நான் போட்ட தேத்தண்ணி; அந்த வகையில் அவ தப்பினா.

அடுத்த நாள் அண்ணை கழுத்துப்பட்டி கட்டி, இசைத்தட்டோடு என்னையும் இழுத்துக்கொண்டு அன்ரி வீட்டு வாசலில் நின்றார். உறையில் சிரித்த நாலாவது பையனைக் காட்டினார்.

“முறிஞ்சது இவனுக்கு, அன்ரி. எங்கட ஆளை இதுவரைக்கும் ஒருத்தியும் ஏறெடுத்தும் பாக்கேல்லை!”

இப்படியும் எனக்காக வாதாடினார். அதோடு விடாமல், ஜப்பான் பாட்டைப் பாடி வாசலிலேயே ஆடத் தொடங்கினார். “நீயும் ஆடடா!” என்றார். ஆடினேன். பூச்சட்டி ஒன்று உடைந்தது.

உள்ளே ஒரு பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். “பெரியம்மா, இவருக்கு நடிக்கவே தெரியாது. நம்பலாம்” என்றாள்.

கலியாணத்துக்கு ஊரிலிருந்து என் வீட்டார் ஒருவராலும் வர முடியவில்லை. அண்ணைதான் வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். “நீங்கள் மாப்பிள்ளைக்கு என்ன முறை?” என்று சடங்கு செய்ய வந்த பெரியவர் கேட்டார். அண்ணை வேட்டியை இன்னொருமுறை இழுத்துக் கட்டினார்.

“கூடப் பிறந்த அண்ணை” என்றேன் நான்.