கோட்டைக்குப் பொருத்தம் பார்த்தார்கள்

ஊரோடு ஒத்து வாழ் என்று பெரியவர்கள் சொன்னது மனிதர்களுக்கு மட்டும்தான் என்று ராஜா அதுநாள்வரை நினைத்துக்கொண்டிருந்தார். கட்டடங்களுக்கும் அது உண்டு என்பது, ஊழியர் சாப்பாட்டுக்கூடத்துக்கு வெளியே இருந்த அறிவிப்புப் பலகையைப் பார்த்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது.

"பூங்காவின் நடுநாயகமாக விளங்கும் கோட்டையானது, காலப்போக்கில் மாறுதலடைந்துள்ள தன் சுற்றுப்புறத்துக்கு இன்னமும் பொருந்துகிறதா என்பதை ஆராய்ந்து, பொருந்தாத பட்சத்தில் அகற்றுவது குறித்துப் பரிந்துரைக்க, உயர்மட்டப் பொருத்த ஆய்வுக் குழு இதனால் அமைக்கப்படுகிறது."

ராஜா அதை இரண்டு தடவை படித்தார். முதல் தடவை கண்ணாடி இல்லாமல் படித்ததால் ஒன்றும் புரியவில்லை. இரண்டாம் தடவை கண்ணாடி போட்டுக்கொண்டு படித்ததால் நன்றாகவே புரிந்துவிட்டது.

ராஜா என்பது பெயரல்ல, உத்தியோகம். கேளிக்கைப் பூங்காவில் கோட்டை என்று ஒன்று இருந்தால் அதில் ராஜா என்று ஒருவர் இருந்துதானே ஆகவேண்டும்? காலையும் மாலையும் கிரீடத்தோடு மாடத்தில் வந்து நின்று, கூட்டத்தைப் பார்த்துக் கையசைக்க வேண்டும். பதவி வரிசையில் தோட்டக்காரருக்கு ஒரு படி மேலே, எலெக்ட்ரீஷியனுக்கு ஒரு படி கீழே. முன்பெல்லாம் பக்கத்தில் ராணியும் நின்று கையசைப்பார். ஒரு சிக்கன நடவடிக்கையின்போது ராணி பதவியை ரத்து செய்து, அவரை டிக்கெட் கவுன்ட்டருக்கு மாற்றிவிட்டார்கள். அந்த ராணிதான் ராஜாவின் சொந்த மனைவி. வீட்டில் அவர் பதவியை ரத்து செய்ய எந்த நிர்வாகத்துக்கும் துணிச்சல் இல்லை.

வீடு என்பதும் அந்தக் கோட்டையேதான். இடது கோபுரத்துக்கு அடியில் ஓர் அறை, ஒரு சமையல் மேடை, கிரீடத்தைக் கழற்றினாலும் குனிந்துதான் போகவேண்டிய குளியலறை. கோட்டை உள்ளளவும் ராஜா தம்பதி இங்கே குடியிருக்கலாம் என்று பழைய முதலாளி உத்தரவே போட்டிருந்தார். கோட்டை இல்லாமல் போகும் என்று அவருக்கும் தோன்றவில்லை, இவர்களுக்கும் தோன்றவில்லை.

"கோட்டையை இடிச்சாலும் இடிப்பாங்களாம்," என்றார் ராஜா, வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக.

ராணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "எதுக்காம்?"

"சுத்துப்புறத்துக்குப் பொருந்தலைன்னு தெரிஞ்சா."

"உங்களுக்கும் எனக்கும் பொருந்தலைன்னு கல்யாணத்தன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. யாராவது வந்து இடிச்சாங்களா?"

"விளையாடாதே. வீடு போயிடும்."

ராணி கத்தியைக் கீழே வைத்தார். வீடு என்ற சொல் வெங்காயத்தைவிடக் காரமாக இருந்தது.

குழு மறுவாரமே வந்தது. குழு என்றால் ஒரே ஓர் அம்மையார். கருத்து வேறுபாடு வந்துவிடக்கூடாது என்பதற்காக வேறு உறுப்பினர்களை நியமிக்கவில்லை. அவர் வெளிநாட்டில் பொருத்தவியல் படித்தவர். மேசைக்கு நாற்காலி பொருந்துகிறதா, நாற்காலிக்கு ஆள் பொருந்துகிறாரா என்றெல்லாம் பார்த்துச் சொல்லும் அந்தப் படிப்பு அப்போது ஊரெங்கும் பிரபலம். ஊழியர்கள் அவருக்குப் பொருத்தம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். கூடவே பூங்காவின் மேலாளர் வந்தார். எதைச் சொன்னாலும் "கட்டாயமா" என்று சொல்லியே அந்த இடத்துக்கு உயர்ந்தவர் அவர்.

"இது எத்தனை வருஷத்துக் கோட்டை?" என்று கேட்டார் பொருத்தம்மா.

"கட்டி முப்பது வருஷம் ஆச்சுங்க," என்றார் ராஜா. "ஆனா கட்டும்போதே அறுநூறு வருஷப் பழசாத்தான் கட்டினாங்க."

"அப்போ இப்ப அறுநூத்தி முப்பது."

"கட்டாயமா," என்றார் மேலாளர்.

சுவரில் ஒரு விரிசலைத் தொட்டுப் பார்த்தார் பொருத்தம்மா. "இது?"

"அது பெயின்டர் வரைஞ்ச விரிசல். வருஷா வருஷம் புதுப்பிச்சுடுவோம். பழமை போயிடக் கூடாது இல்லையா?"

"பக்கத்துல இருக்கிறது?"

"அது நிஜ விரிசல். அதை உடனே பூசிடச் சொல்லி உத்தரவு."

பொருத்தம்மா திருப்தியோடு தலையாட்டினார். பிறகு நாலாபக்கமும் பார்த்தார். ஒரு பக்கம் ராக்கெட் ராட்டினம், மறுபக்கம் கண்ணாடி மாளிகை, அதை அடுத்து ஐஸ்கிரீம் வடிவத்தில் ஐஸ்கிரீம் கடை, மதிலுக்கு வெளியே மேம்பாலம். அவர் முகம், சாப்பாட்டில் கல் கடித்தவர் முகம் மாதிரி ஆயிற்று.

"பொருந்தவேயில்லை," என்றார்.

அன்று ராஜாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ராணிதான் யோசித்து வழி சொன்னார்.

"நாளைக்கு அந்தம்மாகிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க. சுத்துப்புறத்துக்குக் கோட்டை பொருந்தலையா, கோட்டைக்குச் சுத்துப்புறம் பொருந்தலையா? முதல்ல வந்தது கோட்டைதானே? வீட்டுக்காரன் இருக்க, நேத்து வந்த விருந்தாளி 'நீ சரியில்லை, வெளியே போ'ன்னு சொன்னா எப்படின்னு கேளுங்க."

"அதனால என்ன ஆகும்?"

"குழம்பிப்போய் ஃபைலை மூடிட்டுப் போயிடுவாங்க. ராக்கெட்டையும் மேம்பாலத்தையும் யாரால இடிக்க முடியும்?"

ராஜா கேட்டார். பொருத்தம்மா அப்படியே நின்றுவிட்டார். பொருத்தவியலில் இந்தக் கோணத்தை யாரும் தொட்டதில்லையாம். ஆனால் ராணி போட்ட கணக்கில் ஒரு சின்னப் பிசகு. குழம்புகிறவர்கள் ஃபைலை மூடுவதில்லை, தடித்த ஃபைலாக மாற்றிக்கொள்வார்கள்.

"கோட்டையானது பொருத்தமாகவே உள்ளது. சுற்றுப்புறமே பொருந்தாநிலையில் உள்ளது" என்று இடைக்கால அறிக்கை வந்தது. அறுநூறு வருஷத்துக்கு முன்பு ராக்கெட் கிடையாது என்பதால் ராக்கெட்டைக் கழற்றினார்கள். கண்ணாடி மாளிகையை உடைத்தார்கள். ஐஸ்கிரீம் கடை போயிற்று. வழிகாட்டிப் பலகைகள் போயின. அந்தக் காலத்தில் ஜனங்கள் வழி கேட்டுத்தான் போனார்களாம். மேம்பாலத்தைத் தொடமுடியாததால் அந்தப் பக்கம் மதிலை உயர்த்தி, அதில் ஒரு மலையை வரைந்தார்கள்.

கழிப்பறைகளையும் பூட்டியபோது ராஜாவே கேட்டுவிட்டார். "ஏங்க, அந்தக் காலத்துல இதுக்கெல்லாம் எங்கே போனாங்க?"

"ஆய்வில் உள்ளது," என்றார் பொருத்தம்மா.

அதற்குப் பிறகுதான் அவர் பார்வை கூட்டத்தின் மேல் விழுந்தது. கோட்டை வாசலில் ஜீன்ஸும் தொப்பியுமாக ஜனங்கள் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். உடனே வாசலில் பழங்கால உடை வாடகைக்குத் தரப்பட்டது. உழவர், தச்சர், சலவைக்காரர், படைவீரர், அரசர் என்று ஐந்து வகை. முதல் நாளே அரசர் உடை முழுவதும் தீர்ந்துபோயிற்று. மற்ற நான்கும் மடித்தது மடித்தபடியே இருந்தன. மறுநாள் அரசர் உடை மட்டுமே தைக்க உத்தரவாயிற்று.

ராஜா மாடத்தில் வந்து நின்றால், கீழே முற்றம் முழுக்க ராஜாக்கள். இவர் கையசைத்தால் அவர்கள் அத்தனை பேரும் பெருந்தன்மையோடு பதிலுக்குக் கையசைத்தார்கள். வெயிலுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டு வா என்று எல்லோரும் எல்லோருக்கும் ஆணையிட்டார்கள். கொண்டுவரத்தான் ஆள் இல்லை. ஒரு சின்னப் பெண் மேலே அண்ணாந்து பார்த்து, "மாமா, உங்களுக்கு மட்டும் ஏன் பழைய டிரஸ் குடுத்துட்டாங்க?" என்று கேட்டது.

"ஒரு நாட்டில் இத்தனை அரசர்கள் இருப்பது பொருத்தமன்று" என்று அறிக்கை வந்தது. பார்வையாளர் நுழைவு நிறுத்தப்பட்டது. பார்வையாளர் இல்லாத இடத்தில் டிக்கெட் கவுன்ட்டர் எதற்கு? அதுவும் போயிற்று. ராணி மணிபர்ஸும் குடையுமாகப் பட்டப்பகலில் வீடு திரும்பினார்.

"என்ன, சீக்கிரம் வந்துட்டே?"

"வேலை போச்சு. நீங்க கேட்ட கேள்வியால."

"நீ கேக்கச் சொன்ன கேள்வி."

"கேக்கச் சொன்னேன். இவ்வளவு நல்லாக் கேக்கவா சொன்னேன்?"

பூங்காவுக்கு நூறு சதவீதப் பொருத்தச் சான்றிதழ் கிடைத்தது. மின்சாரமும் பொருந்தாது என்று கம்பியைத் துண்டித்துவிட்டதால் அதை மெழுகுவத்தி வெளிச்சத்தில் படிக்க வேண்டியிருந்தது. ராஜா தினமும் தவறாமல் மாடத்தில் வந்து நின்று வெட்டவெளியைப் பார்த்துக் கையசைத்தார். விரட்டுகிறார் என்று நினைத்துப் புறாக்கள் எழுந்து பறந்தன. ஆனாலும் அவருக்கு ஒரு நிம்மதி. கோட்டை தப்பித்தது, வீடு தப்பித்தது.

சான்றிதழைச் சுவரில் மாட்டிய ஆணியைச் சுற்றிப் பூசிய பூச்சு காயும் முன்பே பொருத்தம்மாவும் மேலாளரும் இறுதி ஆய்வுக்கு வந்துவிட்டார்கள். பொருத்தம்மா வாசலில் நின்று வெகுநேரம் பார்த்தார். மதில்வரைக்கும் பொட்டல். நடுவில் கோபுரமும் கொத்தளமுமாகக் கோட்டை.

"இங்கே ஏதோ ஒண்ணு உறுத்துதே," என்றார்.

"கட்டாயமா."

"எல்லாம் வெறும் தரையா இருக்கு. நடுவுல இது மட்டும் எதுக்கு நீட்டிக்கிட்டு நிக்குது? சுத்துப்புறத்துக்குப் பொருந்தவேயில்லையே."

மாடத்திலிருந்த ராஜாவுக்குக் கிரீடம் கண்வரை இறங்கியது. வழுக்குமரத்தில் முழம் முழமாக ஏறி, உச்சியில் உட்கார்ந்த பிறகு மரத்தையே காணோம் என்றால் என்ன செய்வது?

"இடிச்சுட வேண்டியதுதானா?" என்றார் மேலாளர்.

"இடிச்சுட..." என்று ஆரம்பித்த பொருத்தம்மா பாதியில் நிறுத்தினார். அவர் விரல் மெதுவாக உயர்ந்தது. "அது என்ன?"

இடது கோபுரத்திலிருந்து வலது கோபுரத்துக்கு ஒரு கயிறு கட்டியிருந்தது. ராணி கட்டிய கொடி. வேலை போன பிறகு அவர் வீட்டிலிருந்த துணி அத்தனையையும் துவைத்துக் காயப்போட்டிருந்தார். இரண்டு போர்வை, ஒரு தலையணை உறை, ராணியாக இருந்த காலத்து வெல்வெட் அங்கி, நடுவில் ராஜாவின் ஓட்டை பனியன்.

ராஜா மாடத்திலிருந்தே கத்தினார். "மன்னிச்சுடுங்க. இதோ எடுத்துடச் சொல்றேன்."

"தொடாதீங்க," என்றார் பொருத்தம்மா. "வெயில் இருக்கு. காத்து இருக்கு. துணி காயுது. இந்த இடத்துல இருக்க நியாயமுள்ள பொருள் இது ஒண்ணுதான். இத்தனை வருஷப் படிப்புல இப்படி ஒரு பொருத்தத்தை நான் பார்த்ததில்லை."

ராணி கோபுர ஜன்னலில் தலையை நீட்டினார். "ஏங்க, கொடி பொருந்துதுன்னா சரிதான். ஆனா கயிறைக் கட்ட ரெண்டு பக்கமும் ஏதாவது வேணுமில்லையா?"

பொருத்தம்மா யோசித்தார். மேலாளர் அவர் யோசிப்பதற்கே "கட்டாயமா" என்றார்.

இறுதி அறிக்கை இப்படி வந்தது. "துணிக்கொடியானது சுற்றுப்புறத்துக்கு முற்றிலும் பொருந்துவதால் அது நிரந்தரமாகப் பாதுகாக்கப்பட வேண்டும். கொடிக்கயிற்றின் இரு முனைகளுக்கும் ஆதாரம் தேவைப்படுவதால், கோட்டையானது கம்பம் என்ற வகையில் தொடர்ந்து நீடிக்கலாம்."

ராஜா பதவி ரத்தாகி, கொடிக் காப்பாளர் பதவி வந்தது. ஒரு விசிலும் கொடுத்தார்கள். ராணிக்குத் துணி காயப்போடும் வேலை, எலெக்ட்ரீஷியனுக்கும் மேலே ஒரு படியில். வாசலைத் திறந்தவுடன் சனம் முண்டியடித்துக்கொண்டு வந்தது. கோட்டை பார்க்க வராதவர்களெல்லாம் பனியன் பார்க்க வந்தார்கள். வங்கி வாசலிலும் ஹோட்டல் முகப்பிலும் துணிக்கொடி கட்டினார்கள். படித்தவர்கள் வீட்டு வரவேற்பறையில் ஈரப் போர்வை தொங்கியது. துணி உலர்த்தும் இயந்திரம் வைத்திருந்தவர்கள் அதைப் பரணில் ஒளித்தார்கள். கடைகளில் ஓட்டை பனியனுக்கு அடிதடி. முழுப் பனியன் போட்டிருந்தவர்கள் கத்தரிக்கோலைத் தேடினார்கள்.

வந்தவர்கள் களைத்துப்போவார்களே என்று ஒரு ஐஸ்கிரீம் கடை வந்தது. கழிப்பறைகளைத் திறந்தார்கள். குழந்தைகள் அழுதன என்று ராக்கெட்டும் திரும்ப வந்தது. ராஜா கொடியின் கீழே நின்று, "துணியைத் தொடாதீங்க, வரிசையா வாங்க" என்று விசில் ஊதினார். கையசைத்த காலத்தில் கிடைக்காத மரியாதை இப்போது கிடைத்தது. அவர் ஒரு சுற்றுப் பெருத்தும் இருந்தார்.

ஒரு நாள் வரிசையில் வந்த தம்பதி வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்கள்.

"கொடி என்ன அழகா இருக்கு பாருங்க," என்றாள் மனைவி.

"அழகுதான். ஆனா பின்னாடி எதுக்கு இவ்வளவு பெரிய கோட்டை? கண்ணை உறுத்துது," என்றான் கணவன்.

ராஜா விசிலை வாயிலிருந்து எடுத்தார். ஒரு துறைக்குப் பொறுப்பானவர் பேசும் தோரணையில், "நானும் ரொம்ப நாளா மேலிடத்துல இதைத்தான் சொல்லிட்டிருக்கேன்," என்றார்.

பொழுது சாய்ந்து கூட்டம் கலைந்ததும், ராணி காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தார். ராஜா கீழேயிருந்து ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலால் இடது கோபுரத்தை மறைத்துப் பார்த்தார்.

"இந்தக் கோபுரம் மட்டும் இல்லேன்னா, கொடி இன்னும் எடுப்பாத் தெரியும்."

"கோபுரம் இல்லேன்னா கயிறை உங்க மூக்குலயா கட்டறது?"

"அதுக்கு ஒரு மரக்கம்பம் போதுமே. நாளைக்கு அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை கேக்கலாம்னு இருக்கேன்."

ராணி பனியனை மடிப்பதை நிறுத்தினார். "அது நம்ம வீடுங்க."

ராஜா கட்டைவிரலை எடுத்துவிட்டு, கோபுரத்தை மேலிருந்து கீழ்வரை இன்னொரு முறை நிதானமாகப் பார்த்தார்.

"இருக்கட்டும்," என்றார். "அதுக்காகப் பொருந்தாததைப் பொருந்துதுன்னு சொல்ல முடியுமா?"